குமிழ் ஜன்னலில் ஒரு கை

அத்தியாயம் 6

"ஜன்னலுக்கு வெள்ளைத் துணி போத்தி வச்சிருக்காங்க, அக்கா," என்றான் கோகிலன். "மாலை போடறது மட்டும்தான் பாக்கி."

"சும்மா இரு," என்றாள் ஹமீதா தன் உதவியாளனிடம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓரத்தில் அந்தக் கொட்டகை இருந்தது. உள்ளே ஒரு விமானம் நின்றது. இரண்டு டர்போப்ராப் எஞ்சின்கள், தாழ்ந்த வயிறு, பின்னால் சரிந்து திறக்கும் கதவு. போன வருடம் வரை சிப்பாய்களையும் அரிசி மூட்டைகளையும் சுமந்த விமானம். இப்போது கடலைக் கண்காணிக்கப் போகிறது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, திரைகள் பொருத்திய மேசையைப் பின்கதவு வழியாக உருட்டி ஏற்றியிருந்தார்கள். அடியில் ஒரு கேமரா. இரு பக்கமும் ஓர் இருக்கையும் வெளியே புடைத்த ஒரு குமிழ் ஜன்னலும். அதற்குள் தலையை விட்டால் நேர் கீழே கடல் தெரியும். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அரை நாளில் இறக்கிவிட்டு மறுபடி மூட்டை ஏற்றலாம்.

அந்த அரை நாளைத்தான் முதலாளி சீனி முகம்மது விற்கிறார். வாங்க வந்திருப்பது ஓர் அயல்நாட்டுக் கடற்படை. இன்று வெள்ளிக்கிழமை, நான்கு மணிக்கு அவர்கள் முன்னால் விமானம் பறக்க வேண்டும்.

போன சனிக்கிழமை காலையில் இடப்பக்க ஜன்னலில் விரிசல் கண்டது. அன்றே பொறியாளர் மோகனராஜை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய மனைவி நவமணி நேற்று ஹமீதாவின் துப்பறியும் அலுவலகப் படியேறி வந்தாள்.

ஹமீதா துணியை விலக்கினாள். கழற்றிய ஜன்னல் மேசைமேல் கவிழ்ந்த கிண்ணம் போலக் கிடந்தது. அதில் மீன் செதில் போல நுண்ணிய வெள்ளிக் கோடுகள்.

"தின்னர் போட்டுத் துடைச்சிருக்கான்," என்றார் பழனியப்பன். கொட்டகையின் மேற்பார்வையாளர். அவர் நீட்டிய சுட்டுவிரல் பாதியில் முடிந்தது. மீதியைப் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கதவு எடுத்துக்கொண்டது. "இது கண்ணாடி இல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். தின்னர் பட்டா இப்படித்தான் நரம்பு ஓடும். ஜன்னல் துடைக்கிறது மோகன் ஒருத்தனோட வேலை. வேற யாரச் சொல்றது?"

அவர் சட்டைப்பையிலிருந்து பச்சை நிறத் தைலப் புட்டியை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார்.

"அவர் ஏன் அப்படிச் செய்யணும்?" என்று கேட்டாள் ஹமீதா.

பதில் சீனி முகம்மதுவிடமிருந்து வந்தது. ஐம்பத்தைந்து வயது. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு நின்றார். "இந்த மாசம் காட்ட வேணாம்னான். இன்னும் வேலை இருக்குன்னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டான். நான் கேக்கல. மறுநாள் ஜன்னல் போச்சு. தான் சொன்னது சரின்னு காட்ட ஒரு மனுசன் அவன் செஞ்ச பொருளையே உடைப்பானா? நீங்களே சொல்லுங்க."

"உடைப்பார்னு நீங்கதான் நம்புறீங்க, அண்ணே."

"நம்பாம என்ன செய்ய? அவங்க கேப்டன் பேர் கேக்குறாங்க. வேலை செய்யிற எடத்துல நாசம் பண்றவன் யாருன்னு தெரியாம கையெழுத்து இல்லையாம். நாலு மணிக்குப் பேரச் சொல்லிடுவேன். அப்புறம் போலீஸ் பாத்துக்கும்." அவர் விமானத்தைப் பார்த்தார். "என் கல்யாணத்துக்கு முன்னாலருந்து எங்கூட இருந்தவன்."

விமானத்தில் புது ஜன்னல் மாட்டியிருந்தது. புதன்கிழமை வந்து சேர்ந்ததாம். இனி கையிருப்பில் வேறு இல்லை.

ஹமீதா பழைய ஜன்னலின்மேல் குனிந்தாள். துடைத்திருந்தால் கோடுகள் துணி போன வழியில் வளைந்து போயிருக்கும். இவை ஐந்து இடங்களில் கொத்தாக இருந்தன. மேலே நான்கு, கீழே சற்றுத் தள்ளி ஒன்று. அவள் தன் வலது கையை அவற்றின்மேல் படாமல் பிடித்துப் பார்த்தாள். பொருந்தியது.

போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சீனி முகம்மது ஜிப்பாப் பையிலிருந்து விரல் நீள அத்தர் குப்பியை எடுத்தார். தன் உள்ளங்கையில் தேய்த்தார். பிறகு கோகிலனைப் பார்த்தார்.

"தம்பி, கைய நீட்டு."

"நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன், பாய்."

"குளிச்சவனுக்கும் வாசனை வேணும்லா. ரெண்டு கையும் சேத்துத் தேய்."

கோகிலன் தேய்த்து முகர்ந்தான். "இப்ப என்னைப் பாத்தா பொண்ணு குடுப்பாங்க."

"முகத்தப் பாக்காம இருந்தா," என்றாள் ஹமீதா.

வெளியே வந்ததும் அவன் ஹெல்மெட்டை மாட்டினான். முகத்தை மறைக்கும் புதிய பிளாஸ்டிக் வைசர், நேற்றுதான் வாங்கியது. அதன் நடுவில் கை வைத்துப் பெருமையாக இழுத்து இறக்கினான்.

"பாத்தீங்களா? சொர்க்கம் மாதிரி தெளிவு. மோகன் அண்ணே வீட்டுக்கு எந்தப் பக்கம்?"

"டத்தோ கிராமாட்."

*

மோகனராஜ் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ஒரு வாரமா இப்படித்தான்," என்றாள் நவமணி. ரோஜா சிராப் கலந்த கண்ணாடிக் குவளைகளை வைத்தாள். "பிளேன் சத்தம் கேட்டா வெளிய ஓடுறார். எதுவும் இல்லன்னா ஏன் இல்லன்னு ஓடுறார். பாய் இவருக்குப் போன் பண்ணல, தெரியுமா? எனக்குப் பண்ணார். 'உன் வீட்டுக்காரர இனிமே வர வேணாம்னு சொல்லு'ன்னு. நான் கோயில் வாசல்ல நிக்கிறேன். சுத்தி எல்லாரும். அதை நான் வந்து இவர்கிட்ட சொல்லணும்."

"அந்த ஜன்னல நீங்க பாத்தீங்களா?" என்று ஹமீதா பால்கனியை நோக்கிக் கேட்டாள்.

"எங்க பாக்க விட்டாங்க."

அவள் போனை நீட்டினாள். மோகனராஜ் படத்தைப் பெரிதாக்கினார். தோள்கள் மெதுவாக நிமிர்ந்தன.

"இது துடைச்சது இல்ல," என்றார். "தொட்டது."

"வலது கை."

"சீட்ல உக்காந்து, தலைய உள்ள விட்டுப் பாக்குறப்ப இப்படித்தான் கை ஊன்றும். கையில என்னமோ இருந்திருக்கு. அந்த ஜன்னல் சூட்டுல இழுத்து ஊதிச் செஞ்சது. சும்மா இருக்கும்போதே விறைப்பா நிக்கும். கண்டதெல்லாம் பட்டா தாங்காது. அதனாலதான் எல்லாருக்கும் பருத்திக் கையுறை குடுத்தேன். எல்லாரும் வாங்கிப் பையில வச்சுக்கிட்டாங்க."

"விரிசலோட பறந்தா?"

"தாழப் பறந்தா ஒண்ணும் ஆகாது. மேல ஏற ஏற உள்ள இருக்கிற காத்து ஜன்னல வெளிய தள்ளும். ஒரு உயரத்துல போயிடும். அதுக்குள்ள தலைய விட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான்."

கோகிலன் தன் குவளையைக் கீழே வைத்தான்.

"பழனியப்பன் எந்நேரமும் நெத்தியில தைலம் தேய்க்கிறார்," என்றாள் ஹமீதா.

மோகனராஜ் யோசித்தார். "ஆமா. அந்தக் கையாலதான் எல்லாத்தையும் தொடுவார்."

"முதல்ல விரல நீட்டினவரும் அவர்தான். எங்க கூட வாங்க. அவர் முன்னால இந்தப் படத்த வைக்கணும். வைக்கிறப்ப நீங்க இருக்கணும்."

"என்னை கேட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"போங்க," என்றாள் நவமணி. அலமாரியைத் திறந்து அவருடைய வேலைப் பையை எடுத்துக் கையில் திணித்தாள். "விடலன்னா கேட்டுல நில்லுங்க. இந்த பால்கனில நிக்காதீங்க."

*

இரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் லாரி ஒன்று படுத்துவிட்டது. ஜேம், வண்டிகள் நகரவில்லை. வெயில் தாரில் அடித்து முகத்துக்கு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஹமீதா மணியைப் பார்த்தாள். மூன்று கூட ஆகவில்லை. இருந்தும் முழங்கால் நிற்காமல் ஆடியது.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"ஜன்னல்ல இருக்கிறது அஞ்சு விரல். நான் எண்ணினேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு அது. நம்ம பழனியப்பன் அண்ணனுக்கு வலது கையில நாலரைதான்."

ஹமீதாவின் முழங்கால் நின்றது.

பாதி விரல் தன் முன்னால் நீண்டதை அவள் பார்த்திருந்தாள். தைலப் புட்டியைப் பார்த்த பிறகு அதை மறந்துவிட்டாள். இருந்த ஒரே துப்பு ஜேமின் நடுவில் செத்தது.

"வீட்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. மனசு வரல." அவன் வைசரைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். "இந்தச் சனியன் வேற. புதுசுன்னு வாங்கினா, ஒரு நாள்லயே கண்ணுக்கு முன்னால சிலந்தி வலை. கடைக்காரன் ஏமாத்திட்டான். வெயில் பட்டா பளபளங்குது, ரோடே தெரியல."

"கழட்டு."

"ரோட்லயா?"

"கழட்டுடா."

அவள் ஹெல்மெட்டை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். வைசரின் நடுவில் வெள்ளிக் கோடுகள். மேலே நான்கு கொத்து, கீழே ஒன்று. ஒரு கை.

"நீ என்னத்தத் தொட்ட?"

"ஒண்ணுமில்ல. காலையிலருந்து பெட்ரோல்கூட அடிக்கல."

"கையக் காட்டு."

அவன் காட்டினான். அவள் முகர வேண்டியிருக்கவில்லை. ஜவ்வாதும் சந்தனமும் கலந்த அந்த வாசனை வழி முழுக்க அவள் முன்னாலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் அவள் வீட்டில் வாப்பாவிடமும் அண்ணன்களிடமும் அந்த வாசனை இருக்கும். பிறந்ததிலிருந்து இருப்பதால் அது அவள் மூக்கில் ஏறுவதே இல்லை. வேறு யாராவது இருந்திருந்தால் காலையிலேயே கேட்டிருப்பார்கள்.

"பாய் குடுத்த அத்தர்," என்றான் கோகிலன் மெதுவாக. "அப்போ ஜன்னல்ல..."

"விரிசலப் பாத்தது சனிக்கிழமை காலையில. முந்தின நாள் வெள்ளி. ஜும்ஆ முடிஞ்சு வந்து ஏறி உக்காந்திருக்கார். அவரோட ஜன்னல், அவரோட கை. யாருக்கும் தப்பாத் தோணல."

"கேஸ் முடிஞ்சுது. மோகன் அண்ணே வீட்டுக்குப் போலாம், நான் வைசர் கடைக்குப் போலாம்."

"முடியல," என்றாள் ஹமீதா. "இன்னிக்கும் வெள்ளிக்கிழமை."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டான்.

பக்கத்தில் மோகனராஜின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் அவர்களைப் பார்க்கவில்லை. தலை வானத்தை நோக்கி இருந்தது. தெற்கிலிருந்து இரண்டு எஞ்சின்களின் கனத்த இரைச்சல் வந்தது. தாழ்ந்த வயிறு ஒன்று அவர்கள் தலைக்கு மேல் கடலை நோக்கித் திரும்பியது. வெயிலில் இடப்பக்க ஜன்னல் ஒரு கணம் மின்னியது.

"நம்மளுதுதான்," என்றார் மோகனராஜ். "நாலு மணின்னுதான சொன்னாங்க?"

ஹமீதா சீனி முகம்மதுவின் எண்ணை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஓட்டு," என்றாள்.

"எங்க? முன்னால லாரி."

"லாரிக்கும் ரோட்டோரக் கட்டைக்கும் நடுவுல."

"நம்ம மூணு பேரும் போற மாதிரி இடம் இல்லக்கா."

"இப்ப இருக்கும். ஓட்டு."

*

கேட்டில் காவல்காரர் மோகனராஜைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தடுப்பதற்கா, வணங்குவதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் மூவரும் உள்ளே போயிருந்தார்கள்.

கொட்டகை வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு மேசை, ரேடியோ, பெரிய திரை. திரையில் விமானத்துக் கேமரா அனுப்பிய கடல். சீனி முகம்மது காதில் ஹெட்ஃபோனுடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் அந்தக் கடற்படையின் கேப்டன், ஒரு பெண், கைகளைப் பின்னால் கட்டி நின்றார்.

"மேகம் வருதுன்னு முன்னாலயே ஏத்தச் சொல்லிட்டாங்க," என்றார் சீனி முகம்மது. பிறகுதான் மோகனராஜைப் பார்த்தார். முகம் இறுகியது. "இவன எதுக்கு இங்க கூட்டியாந்தீங்க?"

"அண்ணே, ஒரே கேள்வி," என்றாள் ஹமீதா. "ஜும்ஆவிலருந்து வந்ததும் பிளேன்ல ஏறினீங்களா?"

"ஏறினேன். சீட்ல உக்காந்து, நல்லபடியா நடக்கணும்னு துஆ ஓதினேன். இதுல என்ன?"

"கை எங்க வச்சீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கை தானாக உயர்ந்து, காற்றில் ஏதோ ஒரு வளைவின்மேல் விரல்களை விரித்து நின்றது.

கோகிலன் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான். வைசரைத் திருப்பினான்.

"காலையில நீங்க என் கையில தேச்சீங்கல்ல, பாய். இது மத்தியானத்துக்குள்ள."

சீனி முகம்மது வைசரைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். கொட்டகைக்குள் வெள்ளைத் துணி போர்த்திய மேசையைப் பார்த்தார்.

"இப்ப எத்தனை அடி?" என்றார் மோகனராஜ்.

"ஆறாயிரம். இருபதாயிரத்துக்கு ஏறிக் காட்டப் போறாங்க. மூட்டையும் தூக்கும், மேலயும் பறக்கும்னு..." குரல் தேய்ந்தது. "அந்த சீட்ல பழனியப்பன் உக்காந்திருக்கான்."

"ஏற வேணாம்னு சொல்லுங்க. கேபின் காத்தழுத்தத்த வெளிய விடச் சொல்லுங்க. பழனியப்பன் அண்ணன சீட்ட விட்டு எந்திரிச்சு வலப்பக்கம் போகச் சொல்லுங்க."

சீனி முகம்மது மைக்கை எடுத்தார். கேப்டன் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அமைதியான கேள்விதான். என்ன தடங்கல்?

சீனி முகம்மது பொய் சொல்லலாம். மேகம் என்று சொன்னால் போதும். மேகம் அங்கேயே இருந்தது, எல்லோருக்கும் தெரியும்படி. ஹமீதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பார்வை மேகத்துக்குப் போனது, கேப்டனிடம் வந்தது, மோகனராஜிடம் வந்து நின்றது.

முதலில் பைலட்டிடம் பேசினார். ஏற வேண்டாம், அழுத்தத்தை விடு, பழனியப்பனை அந்த ஜன்னலிலிருந்து நகர்த்து. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு கேப்டனிடம் திரும்பி, ஜன்னலைக் கெடுத்தது யார் என்று கேட்டீர்களே, நான்தான் என்றார். போன வாரமும் நான், இன்றும் நான். இவர் இல்லை.

கேப்டன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். வைத்தார். சரி, மேலே போக வேண்டாம், கீழேயே கடலைக் காட்டுங்கள் என்றார்.

விமானம் தாழ இறங்கியது. திரையில் அலைகள் பெரிதாயின. ஒரு மீன்பிடிப் படகு வந்தது, அதன் பெயர் வந்தது, பலகையில் காய்ந்த வலை வந்தது, வலைமேல் தூங்கிய பூனை வந்தது. கேப்டன் கைகளைப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் ஊன்றிக் குனிந்தார். கையெழுத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தப் பூனைமேல கேஸ் இருந்தா இப்பவே பிடிச்சிரலாம், அக்கா," என்றான் கோகிலன் மெல்ல.

*

விமானம் இறங்கியதும் பழனியப்பன் முதலில் வெளியே வந்தார். இடப்பக்கம் போய் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். உள்பக்கம் ஐந்து இடங்களில் கோடு ஓடத் தொடங்கியிருந்தது. தைலப் புட்டியை வெளியே எடுத்தார். பூசாமல் திருப்பிப் பையில் போட்டார்.

"மோகன்," என்றார்.

"தண்ணி குடிங்க, அண்ணே," என்றார் மோகனராஜ்.

சீனி முகம்மது கையை நீட்டிக்கொண்டு அவரிடம் வந்தார். பாதி வழியில் அந்தக் கையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மோகனராஜ் வேலைப் பையைத் திறந்து ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து நீட்டினார். "உங்களுக்கும் ஒண்ணு குடுத்தேன், பாய். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சிரிச்சேன்."

அவர் கையுறைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். பள்ளிப் பிள்ளை போல விரல்களை விரித்துப் பார்த்தார். "மோகன், நான் உங்கிட்ட..."

"எங்கிட்ட வேணாம், பாய். நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே. நவமணிகிட்டதான சொன்னீங்க."

சீனி முகம்மது தலையசைத்தார். போனை எடுத்தார். கையுறை விரலால் திரையைத் தொட்டார். திரை அசையவில்லை. அழுத்தித் தொட்டார். மறுபடி தொட்டார். கையுறையைக் கழற்ற மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மோகனராஜ் போனை வாங்கினார். மனைவியின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை சீனி முகம்மதுவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.